நாற்பது நிமிடம் யார் கணக்கில்?



இந்த முறை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் டயப்ளோ 3. ஸ்பானிய மொழியில் டயப்ளோ என்றால் பிசாசு. பெயரைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். ஆனால் என்னைக் கட்டி வைத்தது அந்தப் பெயர் அல்ல, அதற்குள் இருந்த ஒரு பட்டியல்.

2012-ல் வெளிவந்த விளையாட்டு அது. அரக்கர் கூட்டத்தை வெட்டிச் சாய்த்துக்கொண்டே முன்னேற வேண்டும். கம்ப்யூட்டரில் ஆட இன்டர்நெட் அவசியம். நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். நாம் செய்வதை அது எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த காரியத்தை முடித்தால் 'அச்சீவ்மென்ட்' என்று நம் பெயரில் பதிவாகும். 2014 முதல் 'சீசன்' என்று வேறு வந்தது. ஒவ்வொரு சீசனிலும் புது வீரனை முதல் படியிலிருந்து வளர்க்க வேண்டும்.

சீசன்களில் வந்த சவால்களில் ஒன்று 'ஸ்பிரின்டர்'. எழுபதாம் படியை எட்டிய வீரனோடு கதையின் ஐந்து பாகங்களையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு ராத்திரி, முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து இறங்கினேன்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். கண் புரை ஆபரேஷன் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"தம்பி, சொட்டு மருந்து போட நேரமாச்சுப்பா."

"இதோ வரேன்ப்பா, ஒரு நிமிஷம்."

கூட்டாக ஆடும்போது நிறுத்தி வைக்க வழியில்லை. அந்த ஒரு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. போய்ப் பார்த்தால், அப்பா தாமே போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறார். மருந்து கன்னத்தில் வழிந்து சட்டை நனைந்திருந்தது. "முடிஞ்சுதாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தை என் உள்ளத்தைக் குத்திற்று.

உண்மையைச் சொல்லட்டுமா? அன்றைக்குப் போராடினது மற்ற மூன்று பேர். நான் அவர்கள் பின்னால் இழுபட்டுப் போனவன். ஆனாலும் நாலு பேர் பெயரிலும் ஒரே மாதிரி பதிவானது. நான் செய்யாததை அந்தப் பட்டியல் எழுதிக்கொண்டது. நான் செய்யத் தவறினதை எழுத அதில் இடமே இல்லை.

எண்ணப்படுவதனால் ஒரு காரியம் மேன்மையாகிவிடுமா? எண்ணப்படாததனால் அற்பமாகிவிடுமா?

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று உண்டு. படம் வரைய ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. பின்னொரு நாள் இஷ்டப்படி விளையாட விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு அல்ல, பரிசுக்காகவே செய்கிறேன் என்ற எண்ணம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு அப்பாவுக்கு நேரம் தவறாமல் மருந்து போட்டேன். மறக்காமலிருக்க காலண்டரில் டிக் அடித்தேன். ஒரு வாரம் ஆனதும், வரிசையாய் நின்ற டிக்குகளைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமை! அப்பா முகத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்க்கிறேன். விளையாட்டை விட்டேன், பட்டியல் என்னை விடவில்லை.

ஆகவே, கணக்கு வைப்பது பொல்லாதது என்று சொல்லமாட்டேன். மருந்துக்குக் கணக்கு வேண்டும். அது மறவாமைக்கு உதவட்டும். நம்மை நாமே மெச்சிக்கொள்ள வேண்டாம்.

பிரியமானவர்களே, பெயர் பதியாது, புள்ளி ஏறாது, ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றாலும் நீங்கள் செய்கிற காரியம் எது? இன்று யாரிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எழுந்து போங்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள்.