நம் பேரை நாமே போடுவோம்

மாலையில் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் அப்பாயி கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்குப் பேரு போட்டாங்களா?" இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மடுல்சீமையில், லயம் என்ற வரிசை வீட்டின் ஒரு காம்பராவில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி தாலாட்டுப் போலப் பழகிய ஒன்று. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பேர் நாள்தோறும் ஏறியது. அட்டை கடித்த காலோடு அவள் எத்தனை நிரை முடித்தாள், மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் யாரை நினைத்துக்கொண்டாள் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நம்மைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் பிறர் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவன் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தையோ, இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் அவர் தந்தையுமோ இந்த மண்ணில்தான் பிறந்தார்கள் என்று காட்டக் காகிதம் கேட்டார்கள். பெரும்பாலோரிடம் அது இல்லை. நாட்குறிப்பு வைத்திருந்தால் உரிமை கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. எழுத்து யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல என்றே சொல்கிறேன்.

ஆகவே நம் நாளை நாமே எழுதிப் பழக வேண்டும். பிள்ளைகளைத் தினமும் எழுதச் சொல்லும்போது என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். நான் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய நாட்களில் 'கடற்கரையில் ஒரு மாலை' என்று தலைப்புக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. எல்லாக் கொப்பியிலும் ஒரே அலை அடித்தது. மறுநாள், "இன்று உன் காம்பராவில் முதலில் எழுந்தது யார்? எழுந்ததும் என்ன செய்தார்?" என்று கேட்டேன். ஒரு சிறுமி, அம்மா அடுப்பு மூட்டும்போது தங்கச்சி விழிக்காமல் இருக்க ஊதாங்குழலை மெல்ல ஊதுவதை எழுதியிருந்தாள். எழுதுபவருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விதான் நல்ல கேள்வி என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஏழு வயதுக்கு ஒரு படமும் ஒரு வரியும் போதும்: இன்று பனிக்குள் மறைந்து போனது எது? பத்து வயதுக்குக் கதை: பதுளையிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் ஊருக்குத் தெரியாத ஒருவர் வந்து இறங்குகிறார், முதலில் யாரிடம் பேசுவார்? பதினாறு வயதுக்குக் கடிதம்: கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் அம்மாவுக்கு, அனுப்ப வேண்டியதில்லை என்ற உறுதியோடு. கவிதை எழுத விரும்புகிறவர்களுக்கு: 'அழகு' என்ற சொல் வராமல் இன்றைய மழையைச் சொல். கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு ஒரு பட்டியல்: இன்று நான் சுமந்தவை. எழுதத் தெரியாத அப்பாயிக்குப் பேரப்பிள்ளை எழுத்தராக இருக்கட்டும். அவர் "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று திருத்தக் கூடாது.

பத்து நிமிடம் போதும். சிவப்பு மை வேண்டாம். கேட்காமல் யாரும் படிக்கவும் கூடாது. இப்படி எழுதுவது நமக்கு என்ன செய்யும்? 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை உறுத்திய நிகழ்வுகளை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. ஆனால் நடந்ததோடு தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே போனார்கள். அந்தக் கனத்தையும் மறக்கக் கூடாது. ஆறாத புண் உள்ள பிள்ளையை அதைத்தான் எழுது என்று வற்புறுத்தக் கூடாது.

நாட்குறிப்பு நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் இன்று வரலாற்றுச் சான்று. ஆனால் அவர் பிரெஞ்சு ஆட்சியின் மொழிபெயர்ப்பாளரான துபாஷி. எழுத அவருக்கு மேசை இருந்தது. நமக்கு அருகிலேயே தெளிவத்தை ஜோசப் இருந்தார். 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பேரையே தம் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, லயத்து வாழ்வைச் சிறுகதைகளாக்கியவர். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. எல்லோரும் அவரைப் போல எழுத்தாளர் ஆக வேண்டியதில்லை. தன் நாளைத் தானே சொல்லத் தெரிந்தவராக எல்லோரும் ஆகலாம்.

என் அம்மா போய்விட்டாள். அவள் பறித்த கொழுந்தின் எடை ஏதோ ஒரு பழைய செக்ரோலில் கிடக்கக்கூடும். அவள் பேச்சில் ஒரு வரிகூட என்னிடம் எழுத்தில் இல்லை. அந்தக் குறை உங்களுக்கு வர வேண்டாம். இன்று இரவு ஒரு கொப்பியை எடுங்கள். தேதியைப் போடுங்கள். "இன்று நான் கண்டதில், நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போகாதது எது?" என்று உங்களையே கேட்டு, ஒரே ஒரு வரி எழுதுங்கள். கீழே உங்கள் பேரை நீங்களே போடுங்கள். முழுப்பேராகப் போடுங்கள்.