இன்னும் கொஞ்சம் படிதான்

ஓம் சரவணபவ.

மலைக்கோவில் ஏறும்போது நாம எல்லாரும் சொல்லும் ஒரு பொய் இருக்கு. மூச்சு வாங்க ஏறி வர்றவங்க "இன்னும் எவ்வளவு தூரங்க?"னு கேட்டா, பாதி மலை மிச்சம் இருந்தாலும் "வந்தாச்சுங்க, இன்னும் கொஞ்சம் படிதான்"னு சொல்லுவோம். பழனியில் நானே பலமுறை சொல்லியிருக்கேன். அது தப்புன்னு ஒருநாளும் தோணினதில்லை. கொல்லிமலை போய் வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிச்சேன்.

சேலத்திலிருந்து ஒருநாள் யாத்திரை வேன். பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். ராசிபுரம் தாண்டி பேளுக்குறிச்சியில், வேடர் கோலத்தில் நிற்கும் கூவைமலைப் பழனியாண்டவரைக் கும்பிட்டோம். பிறகு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீஸ்வரர் கோவிலில் நல்ல தரிசனம். அம்பலவாணக் கவிராயர் நீதியெல்லாம் சொல்லி அறப்பளீசுர சதகம் பாடியது இந்த ஈசன் மேலதான். அந்த சன்னதியில் நின்னுட்டு வந்த கையோட நான் பொய் சொன்னேன்.

கோவிலுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குது. ஐயாறு அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. வழிகாட்டித் தம்பி தெளிவாகவே சொன்னார்: "ஆயிரத்துக்கும் மேல படிங்க, செங்குத்தா இருக்கும். முட்டி வலி இருக்கறவங்க மேலேயே இருந்துக்கங்க."

பெரியம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. "அட, அப்படித்தான் சொல்லுவாங்க பெரியம்மா. கொஞ்சம் படிதான், வாங்க"ன்னேன்.

இறங்கறது சுலபமாத்தான் இருந்தது. அருவித் தண்ணி தலையில் விழுந்ததும் "முருகா, முருகா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. ஏறும்போதுதான் வினை. இருபது படிக்கு ஒருதரம் உட்கார்ந்தாங்க. பாதியில் முகம் வெளிறிப் போச்சு, பேச்சு வரலை. வேனில் வந்த இரண்டு பெண்கள் மாத்தி மாத்தித் தாங்கிப் பிடிச்சாங்க. மேலே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எங்களால எல்லாருமே எட்டுக்கை அம்மன் தரிசனத்தை விட்டுட்டு இருட்டில் மலை இறங்கினோம்.

வேனில் ஒருத்தர் ஆறுதல் சொன்னார். "நல்லதுக்குத்தானே சொன்னீங்க. குற்றமில்லாத நன்மை தரும்னா பொய்யும் வாய்மைதான்னு வள்ளுவரே சொல்லலையா? முருகனே வள்ளிகிட்ட வேடனா, கிழவனா வேஷம் போட்டவர்தானே?"

கேட்க இதமா இருந்தது. ஆனா மனசு ஒத்துக்கலை.

பழனியில் 693 படி. அங்கே ஏறும்போது "கொஞ்சம்தான்"னு சொன்னாலும், முடியாதவர் எந்தப் படியிலிருந்தும் திரும்பிடலாம். திரும்பினா இறக்கம்தான். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம், அப்புறம் ஏற்றம். பொய்னு தெரியும்போது ஆள் பள்ளத்தில் இருப்பார், ஏறித்தான் ஆகணும். ஒரே வார்த்தைதான், ஒரு மலையில் ஊன்றுகோல், இன்னொரு மலையில் பொறி.

முருகன் வேஷம் போட்டார், சரி. ஆனா கடைசியில் தன் சொந்த உருவைக் காட்டினார், வள்ளியைக் கைவிடலை, கைப்பிடித்தார். அது அவர் திருவிளையாடல். அதைக் காட்டி நான் தப்பிக்க முடியுமா? என் மனசுக்குள்ளே இருந்ததை நான் அறிவேன். பெரியம்மாவைத் தனியா உட்கார வெச்சுட்டுப் போனா எனக்கு உறுத்தும். அருவியில் நான் நிம்மதியா குளிக்கணும். அதுக்காகத்தான் அந்தப் பொய். நல்லதுக்குத்தான், ஆனா யாரோட நல்லதுக்கு?

மறுநாள் பெரியம்மா காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே சொன்னது இன்னும் காதில் இருக்கு. "ஆயிரம் படின்னு நீ சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன் கண்ணு. இந்த வயசுல இனி எப்போ பார்க்கப் போறேன்? ஆனா காலையில இன்னும் ரெண்டு இட்லி தின்னிருப்பேன். ஒரு தடி எடுத்துட்டு வந்திருப்பேன். அந்த யோசனையை எனக்கு விடலையே நீ."

கோபமே இல்லாம சொன்னாங்க. அதுதான் சுட்டது. நான் படியை மட்டும் மறைக்கலை. போறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ண வேண்டியதை நான் எடுத்துக்கிட்டேன். வயசானவங்க மேல வெச்ச அன்புன்னு நினைச்சு நாம தினமும் இதைத்தான் செய்யறோம். டாக்டர் சொன்னதை மறைக்கறோம், வீட்டுக் கடனை மறைக்கறோம்.

நம்ம சாமி எதையும் மறைக்கலை. சுவாமிமலையில் தமிழ் வருஷங்களுக்கு ஒன்றாக 60 படி, திருத்தணியில் வருஷத்து நாட்களுக்கு ஒன்றாக 365 படி. எண்ணிக்கையைத் தெரிஞ்சுக்கிட்டே ஏறி வான்னுதான் கூப்பிடறார். தகப்பனுக்கே உள்ளதை உள்ளபடி உபதேசம் பண்ணின பிள்ளை அவர்.

போன மாசம் பழனியில் ஒரு அம்மா படியில் உட்கார்ந்துகிட்டு "இன்னும் எவ்வளவு சாமி?"ன்னாங்க. வாய் வரைக்கும் பழைய பதில் வந்துடுச்சு. முழுங்கிட்டு, "பாதிதாங்கம்மா வந்திருக்கீங்க. விஞ்ச்லயும் போகலாம். நடக்கறீங்கன்னா நான் கூட வர்றேன்"ன்னேன்.

அந்தம்மா கொஞ்ச நேரம் மேலே பார்த்தாங்க. பிறகு முட்டியில் கை ஊன்றி எழுந்தாங்க. "வா, போலாம்."

இறங்கி வந்துகிட்டிருந்த நான் திரும்பவும் ஏறினேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!