படிந்த நஞ்சும் செய்தான் வினையும்

காணப்படாத தீங்கு தீங்காகாதென்று கருதுவார் உலகிற் பலர். அக்கருத்து வழுவுடைத்தென்பது கடற்கரைச் சேற்றை நோக்கினும் விளங்கும்.

இங்கிலாந்தின் மேல்கரையில் விண்ட்ஸ்கேல் என்றும், 1981க்குப் பின் செல்லாபீல்டு என்றும் பெயர் பெற்ற அணுவாலை, 1952 முதல் தன் கதிரியக்கக் கழிநீரைக் குழாய்வழி ஐரிஷ் கடலில் விடுத்தது. கடல் பெரிது, நஞ்சு அதிற் கரைந்தொழியும் என்பது செய்தாரது எண்ணம். அஃது ஒழிந்திலது. நுண்ணிய வண்டலைப் பற்றிக்கொண்டு, ஓதத்தோடு மீண்டு, ரேவன்கிளாஸ் கழிமுகத்து உவர்ச்சதுப்பிற் படலம் படலமாகப் படிந்தது. 1970களின் இடையில் மிக்க கழிவின் அடையாளம் அப்படலங்களில் உளது. சீசியம்-137 பாதியாகத் தேய ஏறக்குறைய 30 ஆண்டு. புளுட்டோனியம்-239க்கோ 24,000 ஆண்டிற்கு மேல். கரை அரிப்புண்ணின், புதைந்தது மீளவும் வெளிப்படும்.

நம் நாட்டு மணவாளக்குறிச்சி மணலிலும், கேரளத்துக் கருநாகப்பள்ளி மணலிலும் தோரியம் பொதிந்த மோனசைட்டு உண்டு. அஃது இயற்கையின் அமைப்பு, ஒருவர் செயலன்று. கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார், அக்கதிராற் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லையென 2009ல் வெளியிட்டனர். ஆகலின் ஆராயாது அஞ்சுதலும் அறிவன்று.

அற்றேல், “நோயுறுவான் தன் பிராரத்தத்தால் உறுகின்றான், கழிவை விடுத்தான்மேற் குற்றமென்னை?” எனின், அது பொருந்தாது. பிராரத்தத்தை ஊட்டுபவன் இறைவன். அதற்குக் கருவியாகுகவென்று அவன் எவரையும் நஞ்சிட ஏவினானல்லன். அவாவாலும் பாராமுகத்தாலும் ஒருவன் செய்தது அவனுக்கு ஆகாமியமேயாம். இவ்வாறு கொள்ளாக்கால், கொலைஞனும் ‘இறந்தான் தன் வினையால் இறந்தான்’ எனக் கூறித் தப்புவன். அறநூலெல்லாம் பயனிலவாய் முடியும்.

“தீங்கு வருதல் உறுதியன்று, சிறிதே ஐயமுளது” எனின், அவ்வையத்தைச் சுமப்பவர் யாவரென ஆராய்க. ஊதியம் கொண்டவன் ஒருவன். ஐயம் சுமப்பவரோ அக்கழிமுகத்து மீனுண்டு வாழ்வாரும் இன்னும் பிறவாத மகாருமாவர். அவரைக் கேளாதும் அவர்க்கு அறிவியாதும் சுமத்தியதே குற்றம். நோய் வருதல் அக்குற்றத்தை ஆக்குவதுமன்று. வாராமை அதனை அழிப்பதுமன்று.

இது கடல் காணாத ஊர்க்கும் ஒக்கும். வெம்பாக்கத்திற் பட்டு நெய்வார் அறிவர், சாயநீர் நூலைவிட்டு நீங்கினும் நிலத்தைவிட்டு நீங்காதென்பதை. புதைந்தது போயிற்றென்பது ஆணவ மறைப்பின் கூற்று. படிந்த நஞ்சு சஞ்சிதம் போலக் காத்துக் கிடக்கும். ஆயினும் சஞ்சிதம் செய்தானையே சாரும், இதுவோ செய்யாதாரையும் சாரும். ஆதலின், அளந்தறிதல், உள்ளதை உள்ளவாறு ஊரார்க்கு உரைத்தல், மேலும் சேர்க்காதிருத்தல் என்னும் மூன்றும், உயிர்களைச் சிவனுடைமையாகக் கருதுவார்க்கு நீங்காக் கடனாமென்க.