உரை என்னும் அளவை

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தமக்கையின் மகன், கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து சரித்திரப் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஹிட்லர், நாஜிக் கட்சி, இரண்டாம் உலக யுத்தம் என்று வரிசையாக வந்து, கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா ஒன்றில் கொல்லப்பட்ட யூதர்களின் தொகையைச் சொல்லவேண்டிய கட்டம் வந்ததும், ஊஞ்சலின் ஆட்டத்துக்கு இசைய “அறுபது லட்சம், அறுபது லட்சம்” என்று மூன்று முறை சொல்லி, மனத்தில் பதிந்துவிட்டதென்று நிச்சயமானபின் அடுத்த வினாவுக்குப் போய்விட்டான். அவனைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடையை ஒரு மதிப்பெண்ணுக்குரிய சிரத்தையோடு படித்தான், அவ்வளவே. நானும் அந்த வயதில் அப்படித்தான் படித்தேன். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபின், இந்தப் பிள்ளை இப்போது எதை அறிந்துகொண்டான் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

தான் காணாத ஒன்றை ஒருவன் எவ்வாறு அறிகிறான் என்பது நம் தரிசனங்களுக்குப் பழைய கேள்வி. சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுத்தார்கள். பௌத்த தார்க்கிகர்களோ முதல் இரண்டே போதுமென்று வாதிட்டார்கள். 1944-இல் போலந்து நாட்டு ஆஷ்விட்ஸ் முகாமில் நடந்ததை இன்றைய பதினைந்து வயதுப் பையன் காண்பதற்கில்லை. ரயில் அட்டவணைகளையும் அரசாங்கக் காகிதங்களையும் கொண்டு கருதி அறிவது சரித்திராசிரியரின் தொழில். அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று சாதிப்பவர்களின் வாயை அடைக்க அந்தத் தொழில் இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கருதலால் கிடைப்பது தொகை. தொகைக்குப் பசி எடுப்பதில்லை. மரச்செருப்பு கடித்துக் காலில் புண் வருவதில்லை. எஞ்சியிருப்பது உரை, அதாவது அங்கே போய் மீண்டு வந்தவனின் வாய்ச்சொல்.

அந்த வாய்ச்சொல்லுக்கு நேர்ந்த கதியை, முகாமிலிருந்து உயிரோடு மீண்ட எலீ வீசல் தம் நினைவு நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அன்று ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த, இன்று ருமேனியாவைச் சேர்ந்த சிகெட் என்னும் சிற்றூரில், ஜெபாலயத்தில் எடுபிடி வேலை செய்துவந்த மோஷே என்ற ஏழை, அந்நிய தேசத்து யூதர்களோடு மாடுகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டு, தங்கள் குழியைத் தாங்களே வெட்டியவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழுவதைக் கண்டு, காலில் மட்டும் குண்டு பட்டுப் பிணமென்று விடப்பட்டு, எப்படியோ ஊர் திரும்பினார். திரும்பியவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பணம் வேண்டாம், காது கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார். இரக்கத்தைச் சம்பாதிக்கக் கதை கட்டுகிறார் என்றார்கள் சிலர். சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள் வேறு சிலர். மாலைத் தொழுகை முடிந்தபின் அவர் அருகில் உட்கார்ந்து கேட்டவன் சிறுவன் எலீ. அவனும் நம்பவில்லை, பரிதாபப்பட்டான், அவ்வளவுதான் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதினார். 1944 மே மாதம் தொடங்கி எட்டே வாரங்களில் ஹங்கேரியிலிருந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். அவர்களுள் பதினைந்து வயது எலீயும் ஒருவன்.

பரிதாபப்படுவதை நாம் பெரிய குணமாக எண்ணிப் பழகிவிட்டோம். மோஷேயின் கதையைப் படித்த பிறகு எனக்கு அதில் பழைய மதிப்பு இல்லை. பரிதாபம் சொல்பவனைப் பார்க்கிறது; சொல்லப்படும் பொருளைப் பார்ப்பதில்லை. பள்ளிகளில் இத்தகைய பாடத்தை நடத்தும் நல்ல ஆசிரியர்கள்கூட, பிள்ளைகளின் கண் கலங்கிவிட்டால் பாடம் வெற்றி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கண் கலங்கியபடியே நம்பாமலிருக்க மனிதனால் முடியும் என்பதற்கு அந்தச் சிகெட் சிறுவனே சாட்சி.

யாருடைய சொல்லை நம்புவது என்பதற்கு, நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் வகுத்த வாத்ஸ்யாயனர் (காமசூத்திரம் செய்தவர் வேறு) ஓர் இலக்கணம் சொல்கிறார். பொருளை நேரே கண்டறிந்தவனாய், கண்டவாறே சொல்லவேண்டுமென்னும் விருப்பத்தால் உந்தப்பட்டவனாய் இருப்பவனே ஆப்தன். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது. குலத்தையும் கல்வியையும் கேளாமல் கண்டதையும் நேர்மையையும் மட்டுமே கேட்கும் இந்த இலக்கணத்தை நினைக்கும்போதெல்லாம், டூரின் நகரத்து ரசாயன நிபுணரான ப்ரீமோ லெவி என் மனக்கண்முன் நிற்கிறார். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பெயர் போய் 174517 என்ற எண்ணாகி, மீண்டு வந்து 1947-இல் நூல் வெளியிட்டவர். சோதனைச் சாலைக் குறிப்பைப் போன்ற நிதானமான நடை, கூக்குரல் இல்லை. முகாமில் தமக்கும் மற்றவர்களுக்கும் அடிக்கடி வந்த கனவு ஒன்றை அதில் சொல்கிறார்: வீடு திரும்பி, உற்றாரிடம் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கையில், அவர்கள் கேளாதவர்கள்போல வேறு ஏதோ பேசுகிறார்கள், தங்கை எழுந்து போய்விடுகிறாள். மோஷேக்கு விழித்திருக்கையில் நடந்தது இவருக்கு உறக்கத்தில் நடந்திருக்கிறது. 1986-இல் வெளிவந்த இறுதி நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், மீண்ட நாங்கள் மெய்யான சாட்சிகள் அல்லர், அடி ஆழம் வரை போனவர்கள் திரும்பவில்லை என்றார். தன் காட்சியின் எல்லை எது என்று தானே கோடு கிழித்துக் காட்டும் சாட்சியைவிட ஆப்தன் என்ற பெயருக்குத் தகுந்தவர் யார்?

பால்மணம் மாறாத வயதில் இவ்வளவு கொடுமையைக் காட்டலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பிணக்குவியல்களின் புகைப்படங்களைக் காட்டவேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அவற்றில் இறந்தவர்களுக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை. யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டயரியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்பார்கள். அருமையான புத்தகம், ஆனால் அது 1944 ஆகஸ்ட் முதல் தேதியோடு நின்றுவிடுகிறது, மூன்று நாள் கழித்துத்தான் அவளைக் கைது செய்தார்கள்.

மேலும், பிள்ளைகள் நாம் அஞ்சுவதுபோல் வாடிப்போய்விடுவதில்லை. லெவி ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், நீங்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்று கேட்டு, முகாமின் படத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னானாம். வரைந்ததும் கூர்ந்து பார்த்துவிட்டு, இந்த இடத்தில் காவலாளியின் கழுத்தை அறுக்கவேண்டும், அவன் உடுப்பை மாட்டிக்கொண்டு மின்நிலையத்துக்கு ஓடி மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்று திட்டம் வகுத்து, அடுத்த தடவை இப்படி நேர்ந்தால் நான் சொன்னபடி செய்யுங்கள் என்று முடித்தானாம். சிரிப்பு வருகிறது, ‘அடுத்த தடவை’ என்ற சொல்லில் வந்த சிரிப்பு நின்றுவிடுகிறது. மொட்டையடித்த தலையும், மொழி தெரியாத நாடும், எழுந்து நடக்கவே வலுவில்லாத பட்டினி உடம்பும் கரும்பலகைப் படத்தில் விழுவதில்லை என்பதை அவனுக்கு விளக்க, அங்கே இருந்தவர் ஒருவரால்தான் முடியும்.

மறுவாரம், தேர்வுகள் முடிந்த ஓர் இரவில், லெவியின் நூலை எடுத்துவைத்துக்கொண்டு, பையனுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவர் வந்த ரயில் பெட்டியில் 45 பேர், வீடு திரும்பியவர்கள் நால்வர் என்றபோது, “எங்க கிளாஸ்ல நாற்பத்திரண்டு பேர்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. 1944 அக்டோபரில் நடந்த தேர்வுக்கு வந்தேன். (அதற்கும் தமிழில் தேர்வு என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.) கைதிகள் நிர்வாணமாக ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு ஓடவேண்டும், நடுவே நிற்கும் அதிகாரி கண நேரம் பார்த்து, அவர்களுடைய அட்டையை வலப்புறமோ இடப்புறமோ கொடுத்துவிடுவான், ஒரு புறம் போனால் விஷவாயு. அன்றிரவு, தப்பிய கிழவர் ஒருவர் தம் படுக்கையில் அமர்ந்து, உடலை முன்னும் பின்னும் ஆட்டி, தம்மைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஆண்டவனுக்கு உரக்க நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த படுக்கையில் இருபது வயதுக் கிரேக்க இளைஞன், நாளை மறுநாள் தன் முறை என்று அறிந்தவன், பேச்சின்றி விளக்கையே வெறித்துக்கொண்டு கிடக்கிறான். தாம் ஆண்டவனாக இருந்தால் அந்தப் பிரார்த்தனையைக் காறி உமிழ்ந்திருப்பதாக எழுதுகிறார் லெவி.

என் தமக்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதே மாதத்தில்தான், பையன் ஏறத் தவறிய பேருந்து கவிழ்ந்து இருவர் இறந்த செய்தி வந்த அன்று, “கடவுள் புண்ணியத்துல எம்பிள்ளை பிழைச்சான்” என்று குத்துவிளக்கேற்றிக் கும்பிட்டவள் அவள். பக்கத்தில் நின்று நானும் கைகூப்பினேன்.

பையன் வெகுநேரம் ஊஞ்சலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

“மாமா, அந்தத் தாத்தா கும்பிட்டதே தப்பா, இல்ல, அந்த அண்ணன் காதுல விழுற மாதிரி சத்தமா கும்பிட்டதுதான் தப்பா?”