சுவரில் வந்த தோஷம்





தியானப் பகுதி: லேவியராகமம் 14:33 முதல் 53 வரை.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் இந்த அதிகாரத்தைப் பரீட்சைக்காக மட்டுமே படித்தேன். வீட்டுச் சுவரில் குஷ்டம் வருமா என்று நாங்கள் சிரித்ததும் உண்டு. இது ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை என்று வேத பண்டிதர்கள் பலர் சொல்லுகிறார்கள். சிரித்த என்னைக் கர்த்தர் செல்லூரில் ஒரு வாடகை வீட்டில் வைத்து உடைத்தார். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு அதை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி, செல்லூர் பக்கம் தெருத்தெருவாகத் தண்ணீர் புகுந்தது. நம் சபைச் சகோதரி ஒருவர் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் வடிந்துபோனது, ஈரம் போகவில்லை. கார்த்திகை மாதத்தில் சுவரெல்லாம் உப்புப் பூத்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்தது. ஐந்து வயது மகனுக்கு ராத்திரியானால் இளைப்பு. பக்கத்து வீட்டு அம்மா, "யாரோ செய்வினை வச்சிருக்காங்க" என்று பயமுறுத்திவிட்டார்.

நான் போனேன். நிலைக்காலில் எண்ணெய் பூசினேன். பிசாசைக் கடிந்துகொண்டேன். "பாஸ்டர் ஐயா, இந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அந்தத் தாய் கூப்பிட்டார். "சுவரைப் பாக்காதம்மா, கர்த்தரைப் பாரு, விசுவாசம் வை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் பையனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட கேள்விகளில் ஒன்று, "பையன் படுக்கிற இடத்துல சுவரு ஈரமா இருக்கா?" என்பதுதான். தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. பிரியமானவர்களே, என் தகப்பனார் கொத்தனார். லீவு நாட்களில் அவரோடு சித்தாளாகப் போனவன் நான். "சுண்ணாம்பு அடிச்சா பாக்குறவன் ஏமாறுவான்டா, தண்ணி ஏமாறாது" என்று அவர் சொல்லுவார். அப்படிப்பட்டவருடைய மகன் சுவரைப் பார்க்க மறுத்தேன்!

அன்று ராத்திரி இந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசித்தேன். அந்தத் தோஷத்தைக் கர்த்தரே வரப்பண்ணுகிறதாக 34-ம் வசனம் சொல்லுகிறது. அப்படியிருந்தும், ஜெபித்துவிட்டுச் சும்மா இரு என்று அவர் கட்டளையிடவில்லை. ஆசாரியன் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும். ஜெபிக்கிறவன் பார்க்கவும் வேண்டும் என்பதே கர்த்தர் எனக்குக் கொடுத்த செய்தி. அவர் எனக்கு உணர்த்திய மூன்று காரியங்கள்:

1. வீட்டுக்குச் சொந்தக்காரன் அறிவிக்க வேண்டும் (வச. 35)

அந்த வீட்டின் சொந்தக்காரரும் நம் சபை விசுவாசிதான். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு சுவருக்குள் ஊறுவது வெள்ளத்துக்கு முன்னமே அவருக்குத் தெரியும். ஓதத்தின்மேல் டிஸ்டெம்பர் அடித்து வாடகைக்கு விட்டார். உபவாச ஜெபத்தில் இந்தப் பகுதியை நான் வாசித்தபோது, அவர் எழும்பி நின்று, "ஐயா, குழாய் ஒழுகுறது எனக்குத் தெரியும். காசுக்குப் பயந்து மறைச்சேன்" என்று அழுதார். அவருக்குப் பின்னால் நானும் சபைக்கு முன்பாக என் குற்றத்தை அறிக்கையிட்டேன்.

இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்ற ஊரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை 2020 டிசம்பரில் மரித்துப்போனான். வீட்டுப் பூஞ்சையே அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2017-லேயே தகப்பன் முறையிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பதில், அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள் என்பதே! வாடகைக்கு வீடு விட்டிருக்கிற சகோதரரே, உம்முடைய சுவருக்குள் யாருடைய பிள்ளை மூச்சுவிடுகிறது?

2. வீட்டை ஒழித்துவைக்க வேண்டும் (வச. 36)

ஆசாரியன் வருமுன்னே சாமான்களை வெளியே எடுக்கச் சொன்னது, அவைகளும் தீட்டாகாதபடிக்கு. எவ்வளவு இரக்கமுள்ள தேவன்! நாங்களும் தாயையும் பிள்ளையையும் ஒரு விசுவாசி வீட்டில் தங்கவைத்து, பீரோவை நகர்த்தினோம். பின்பக்கம் முழுவதும் பூஞ்சை. காற்றும் வெளிச்சமும் போகாத இடத்தில்தான் அது வளருகிறது.

சகோதரிகளே, பீரோவையும் கட்டிலையும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மழைக்காலமானாலும் ஈரத்துணியைப் படுக்கிற அறைக்குள் காயப்போடாதிருங்கள். சோறு வடிக்கும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்துவையுங்கள்; அந்த ஆவியும் சுவரில்தான் போய்ப் படியும். மார்கழிக் குளிர் என்று எல்லாவற்றையும் மூடிவைக்காமல், வெயில் ஏறினதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

3. சுரண்டி, கல்லைப் பெயர்க்க வேண்டும் (வச. 40-42)

முதலாவது தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். குழாயை மாற்றினோம், மாடியில் வெடிப்பை அடைத்தோம். பிறகு மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு, பூஞ்சை பறக்காதபடி தண்ணீர் தெளித்து, செங்கல் தெரியுமட்டும் பூச்சைக் கொத்தினோம். தரையிலிருந்து ஏறுகிற ஓதம் உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஈரம் காய, உப்பு பூச்சைத் தள்ளிவிடும். ஆகவே வாரக்கணக்கில் காயவிட்டுத்தான் மறுபடி பூசினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறவர்கள் அதை ஆசிட்டோடு கலக்கவே கூடாது; விஷக்காற்று எழும்பும்.

ஆசாரியனும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏழு நாள் அடைத்துவைத்துத் திரும்பவும் வந்து பார்த்தான். பூசினபின்பும் தோஷம் திரும்பினால் வீட்டையே இடிக்க வேண்டும். நானும் அடுத்த மழையில் போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் லேசாகக் கசிந்தது. வீட்டுக்காரரே கொத்தனாரைக் கூட்டிவந்து சரிசெய்தார். தாயும் மகனும் அங்கேதான் இருக்கிறார்கள். பையனுக்கு மருந்து இன்னும் உண்டு. ஆனால் ராத்திரியில் தூங்குகிறான். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

அருமையான தேவபிள்ளைகளே, இருதயத்துக்கும் சுவர் உண்டு. சொத்துத் தகராறில் பத்து வருஷமாய்த் தம்பியோடு பேசாமல், ஞாயிறுதோறும் வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்று அல்லேலூயா சொல்லுகிறோமே, அது ஓதத்தின்மேல் அடித்த டிஸ்டெம்பர் அல்லவா? கசப்பு உள்ளே ஊறுகிற வழியை அடைக்காமல் எத்தனை கன்வென்ஷனுக்குப் போய் என்ன பிரயோஜனம்? அறிக்கையிடுங்கள், ஒழித்துவையுங்கள், சுரண்ட ஒப்புக்கொடுங்கள்.

சுத்திகரிப்பின் முடிவில் ஒரு குருவி வெளியிலே பறந்துபோக விடப்பட்டது (வச. 53). தமது இரத்தத்தினால் நம்மைக் கழுவினவர் அந்த விடுதலையை உங்கள் வீட்டுக்கும் தருவார். ஆனால் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஜெபியுங்கள். ஜெபித்து எழும்பினதும் பீரோவை நகர்த்திப் பாருங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்