கேட்பவரும் கேளாதவரும்

செல்வத்தில் பிறருக்குரிய பங்கைப் பற்றிப் பேசுமிடத்துத் திருமறை இருவரை இணைத்தே குறிப்பிடுகின்றது. ஒருவர் ஸாயில், வாய் திறந்து கேட்பவர். மற்றவர் மஹ்ரூம், சேர வேண்டியது சேராமற் போனவர். இரண்டாமவர் யார் என்பதில் விரிவுரையாளர்கள் பலவாறு கருதினும், கேட்கக் கூசி நிற்பதால் எவர் கண்ணிலும் படாதவர் என்று பொருள் கொண்டவர் பலர். இருவருக்கும் உள்ளதை 'ஹக்', அதாவது உரிமை என்றே திருமறை சொல்கின்றது. மாணவருக்கு இச்சொற்களை விளக்குவது எளிது. ஒரு நாட்டின் சட்டத்தை இவற்றைக் கொண்டு அளக்கப் புகும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது.

நோயுற்ற தொழிலாளிக்கென நம் நாட்டில் எழுந்த சட்டங்களுள் தலையாயது 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். மக்கள் வாய்மொழியில் அது இ.எஸ்.ஐ. பேராசிரியர் அடார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழிப் பிறந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்து, 1955-இல் நம் பக்கத்துக் கோவையை எட்டிற்று. 2019 ஜூலை முதல் ஊதியத்தில் தொழிலாளி நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி மூன்றேகால் பங்கும் செலுத்தி வருகின்றனர். செலுத்துவது ஊதியத்திற்கேற்ப, மருத்துவம் பெறுவதோ நோய்க்கேற்ப. நூறு ரூபாய் கட்டியவனுக்கும் ஐம்பது ரூபாய் கட்டியவனுக்கும் அறுவை சிகிச்சை ஒன்றுதான். 'அத்ல்' எனும் நீதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. திருப்பூரில் இதற்கென 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற நூறு படுக்கை மருத்துவமனை 2024-இல் திறக்கவும் பட்டது.

ஆயினும் இந்நீதிக்கு ஒரு வாயிற்படி உண்டு. பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருத்தல் வேண்டும். பெயர் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதப் பருவத்தில் 78 நாட்களுக்கேனும் பங்குத்தொகை செலுத்தியிருத்தல் வேண்டும். பெரிய பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் அமர்ந்திருப்பவருக்கு இவை எட்டக்கூடியவை. நம் குன்னத்தூர் போன்ற ஊர்களில் திண்ணையிலும் நடையிலும் அமர்ந்து பிசிர் வெட்டும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவர் வழியே வீட்டுக்கு என மூட்டை கை மாறிக் கை மாறி வருகின்றது. உடன் வரும் சீட்டில் துண்டுகளின் எண்ணிக்கை இருக்கும். வெட்டுபவரின் பெயர் இராது. மூட்டை திரும்பிச் சென்றபின் அவள் அத்தொழிலில் இருந்தாள் என்பதற்கே சான்றில்லை. மஹ்ரூம் எனும் சொல்லுக்கு இவளே பொருள்.

உள்ளே இருப்பவருள்ளும் சிலர் வெளியேறவே விரும்புகின்றனர். "பிடித்தம் வேண்டாம், சனிக்கிழமை முழுக்கூலியும் கையில் கொடுங்கள்" என்று கேட்கும் தொழிலாளர் உண்டு. அவரே வேண்டாமென்றபின் நாம் என்ன செய்வது என்பார் சிறு முதலாளி. அவரும் கடன் வாங்கித் தறியோ தையல் இயந்திரமோ போட்டவர்தாம். அவர்மீது கல்லெறிய நமக்கு விருப்பமில்லை. எனினும் சட்டநூலார் இங்கே ஒரு வரம்பு வகுத்துள்ளனர். தன் உரிமையை ஒருவன் விட்டுக்கொடுக்கலாம்; பிறர் உரிமையை விட்டுக்கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று, அவன் மனைவி மக்களுக்கும் உரியது. அவன் வேண்டாமென்று சொல்வது அவர்களுடைய ஹக்கையும் சேர்த்தே. மேலும், இமாம் கஸ்ஸாலி அவர்கள் எண்ணிய ஐந்து பாதுகாப்புகளுள் உயிர்ப்பாதுகாப்பும் ஒன்று. வார இறுதியின் சில ரூபாய்களுக்கு விலை பேசும் பொருளாக அதனை அவர் வைக்கவில்லை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆபத்தான தொழிலெனில் ஒரே தொழிலாளி இருப்பினும் காப்பு உண்டு எனும் வழியும் அதில் உள்ளது. பிசிர்க் கத்தரியை ஆபத்தென்று யார் எழுதப் போகிறார்கள்? முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு பெருநோய்க்குக் கைகொடுக்கின்றது, ஐயமில்லை; அதற்கும் வருமானச் சான்றோடு சென்று கேட்டாக வேண்டும்.

கேளாதவரிடம் அரசு தானே சென்ற வரலாறும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அமைச்சராயிருந்த அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்துக்குக் கடிதம் எழுதினார். சிறையில் இருப்போர் வெளியே வந்து மருத்துவரைக் காண இயலாதவர்கள். ஆகவே மருத்துவர் நாள்தோறும் அவர்களிடம் செல்லட்டும் என்பது ஒன்று. மருத்துவரே இல்லாத ஸவாத் கிராமங்களுக்கு மருந்துகளோடு மருத்துவர்கள் ஊர் ஊராய்ச் செல்லட்டும் என்பது மற்றொன்று. அவ்வழியின் இக்காலத் தோற்றமாகவே, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நாம் காண்கின்றோம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகின்றது. ஆனால் காய்ச்சலில் படுத்த நாளின் கூலியை அது கொண்டுவருவதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் மறுபடி மூட்டையருகே அமர்கிறாள்.

வீட்டில் இருந்து உழைப்பவரைச் சட்டம் காணவே இயலாதோ எனின், ஒருமுறை கண்டது. மேலப்பாளையத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் சகோதரிகளை அறியாதார் யார்? 1966-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. 1976-இல் இயற்றப்பட்ட சட்டங்கள், உற்பத்தியாகும் பீடிமீது ஆயிரத்துக்கு இவ்வளவு எனத் தீர்வை விதித்து, அந்நிதியிலிருந்து மருந்தகங்களும் முக்கூடல் மருத்துவமனையும் நடக்கச் செய்தன. சுற்றியவள் எவ்வீட்டில் இருந்தாலென்ன, பீடி எண்ணப்பட்டது. அதன் வழி அவளும் எண்ணப்பட்டாள். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது நமக்கு இன்றும் வருத்தமே.

பீடியை ஆயிரத்தால் எண்ணியவர்கள் பனியனை டஜனால் எண்ண இயலாதவர்கள் அல்லர்; ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு இருக்கத்தான் செய்கின்றது. விலை கூடும், வங்கதேசத்தோடு போட்டியிட முடியாது என்பர் ஏற்றுமதியாளர். கூடும்தான். ஒரு பனியனுக்கு எவ்வளவு கூடும் என்பதை அவர்களே கணக்கிட்டு வெளியிடட்டும். அதன் பின்னர் பேசுவோம்.