கருவி மறுக்காததெல்லாம் மெய்யா?

ஒன்றை மெய்யென்று ஏற்க எது ஆதாரம் என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகே நம் சமயவாதிகள் வாதத்துக்குள் இறங்கினார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதியை அளவையில், அதாவது அறிவுக்கான ஆதாரங்களில்தான் தொடங்குகிறார். பிறர் பலவாக எண்ணியவற்றைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (அறிந்தவர் சொல்) என்ற மூன்றில் அடக்குகிறார். மென்பொருள் வடிவமைப்பு கற்பிக்கும் வகுப்புகளுக்கும் இந்த விசாரணை வேண்டியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் ‘கேஸ் டூல்ஸ்’ ஆய்வகம் இருந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பம், புத்தக வங்கி போன்றவற்றுக்கு மாணவர்கள் கருவியில், மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யுஎம்எல் படங்கள் வரைய வேண்டியிருந்தது. கருவி பிழை காட்டாவிட்டால் படம் சரி என்று மாணவர் நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை எந்த அளவையைச் சேர்ந்தது? காண்டல் அல்ல, கருவி பாஸ்போர்ட் அலுவலகத்தைக் கண்டதில்லை. உரை என்றால், உரைப்பவர் பொருளை அறிந்தவராக இருக்க வேண்டும். கருவி அறிந்தது யுஎம்எல் இலக்கணம் மட்டும். விண்ணப்பதாரரே தன் போலீஸ் விசாரணை அறிக்கைக்கு ஒப்புதல் தருவதாக வரைந்தாலும், கட்டமும் அம்பும் முறைப்படி இருந்தால் அது வாய் திறக்காது.

எல்லாக் கருவிகளும் இப்படியல்ல என்பார்கள். உண்மைதான். எம்ஐடியில் டேனியல் ஜாக்சன் குழு உருவாக்கிய அல்லாய் என்ற கருவி, நாம் உறுதியென்று எண்ணிய கூற்றை உடைக்கும் எதிர் எடுத்துக்காட்டை ஒரு எல்லைக்குள் தேடித் தருகிறது. அது கருதல். தான் எழுதிய விதிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மாணவர் அதில் பார்க்கிறார். இதற்கு வகுப்பில் இடம் தர எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கருதலுக்குச் சொல்லும் பழைய எடுத்துக்காட்டில்போல, மலையில் புகை என்று மாணவர் தவறாக எழுதிக் கொடுத்தால், நெருப்பு உண்டு என்றுதான் அதுவும் முடிக்கும். புகையா பனியா என்று பார்க்க வேண்டியவர் மாணவரே.

வேலைக்குப் போகிறவருக்குத் தொழிற்கருவியில் பழக்கம் வேண்டாமா என்பது இன்னொரு மறுப்பு. வேண்டும், ஆனால் அது சில வாரப் பயிற்சியில் வருவது. கருவிகளும் நிலைப்பதில்லை. யுஎம்எல்லை வகுத்த பூச், ரம்பா, ஜேக்கப்சன் மூவரும் ரேஷனல் நிறுவனத்தில் கூடியவர்கள். அந்த நிறுவனத்தையே 2003இல் ஐபிஎம் வாங்கிவிட்டது. ரேஷனலின் ரோஸ் கருவியின் செல்வாக்கு இன்று பழங்கதை. கிரெய்க் லார்மனின் புகழ்பெற்ற பாடநூலோ வெண்பலகையில் கையால் வரைந்து விவாதிப்பதையே பெரிதும் வற்புறுத்துகிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு அதன் அறிவுரையை மட்டும் விட்டுவிடுகிறோம். ஆசிரியர்கள் வைவாவில் படத்தின் ஏதேனும் ஒரு கோட்டைக் காட்டி, இது ஏன் இங்கே, எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பதிலுக்கு ஒதுக்குங்கள்.